இருட்டு தேடிப் போன இடம்

ஒரகடம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

கனகு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் அறையில் பேசுவது மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டு ஹாலுக்கு அப்படியே இறங்கும். கம்பெனி பஸ்ஸில் பேசினால் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். மெசேஜ் அனுப்பினால் நீங்கள் அடுத்த நிமிடமே கூப்பிட்டுவிடுவீர்கள். அதனால் ஷிஃப்ட் முடிந்து கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குஜராத்துக்கு ஸ்பீடு போஸ்ட் நாலைந்து நாளில் போய்விடும் என்றார்கள்.

மாசி அமாவாசைக்கு எங்கள் கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டல் பிள்ளைகளை நட்சத்திரம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? நீங்கள் ட்ரெயினிங்குக்குக் கிளம்பிய பிறகு தொலைநோக்கியை இரண்டு தடவை மொட்டைமாடிக்கு ஏற்றிப் பார்த்தேன். சுற்றிலும் கம்பெனி வெளிச்சம். வானம் நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் பெரிது. இதைக் காட்டவா பிள்ளைகளை வரச் சொன்னேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. சாட்டிலைட் படத்தில் எங்கே வெளிச்சம் குறைவு என்று தேடினேன். வல்லக்கோட்டை தாண்டி உள்ளே ஒரு சின்ன ஏரி கறுப்பாகத் தெரிந்தது.

என் லைனில் வேலை பார்க்கும் அமலாவை உங்களுக்குத் தெரியும், தூத்துக்குடிப் பெண், அந்த ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். அவளையும் எழிலரசனையும் கூட்டிக்கொண்டு போன வாரம் வெளிச்சத்திலேயே போய்ப் பார்த்தோம். எழிலரசன் நட்சத்திரம் பார்க்கப் போகும் நம் குழுவுக்கு வேன் ஓட்டி வருகிற பையன், அந்தப் பக்கத்து ஊர்க்காரன், எலக்ட்ரீஷியன். கரை அகலமாக இருந்தது. தெற்கே மரமோ கட்டடமோ இல்லை, அகத்திய நட்சத்திரம் முழுசாகத் தெரியும். தெருவிளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் பல்ப் இல்லை. எழிலரசன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாரோ வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள் அக்கா என்றான். நமக்கு நல்லதுதானே என்று நான் சிரித்தேன். தண்ணீரிலிருந்து பெயின்ட் தின்னர் மாதிரி லேசாக வாடை வந்தது. பாசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இருட்டில் சோதித்துப் பார்க்கப் போனோம். தேய்பிறை, நிலா எழ நேரம் இருந்தது. வேனை ரோட்டோரமே நிறுத்திவிட்டு நடந்தோம். ஹெட்லைட் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். கரைச் சரிவில் தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். அத்தான், இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. கார்த்திகையில் ஆறும் தெரிந்தன. அமலா விரல் நீட்டி எண்ணிக்கொண்டே கிடந்தாள். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. ஏரிக்கரையில் தவளை ஏன் கத்தவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மணி எட்டு இருக்கும், லைட் போடாமல் ஒரு டேங்கர் லாரி கரை மேல் வந்தது. எங்களைத் தாண்டிப் போய் மதகுப் பக்கம் ரிவர்ஸ் எடுத்தது. பிரேக் லைட் எரிந்ததில் பின்பக்கம் வெள்ளை எழுத்தில் பூஜா என்று படித்தேன். அதற்குள் ஒருவன் இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டான். நாற்றம் மூக்கில் ஏறியது. அமலா இருமிவிட்டாள்.

டார்ச் எங்கள் பக்கம் திரும்பியது. எழிலரசன் என் கையைப் பிடித்து அழுத்தினான். வந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? டேங்கர் ஓட்டுகிற நம் ஐயனார்தான். திருச்சுழிப் பக்கத்துக்காரன் என்று நீங்களே தேடிப்போய்ப் பேசுவீர்களே, அவனேதான். என் முகத்தில் வெளிச்சம் பட்டதும் டார்ச்சைத் தாழ்த்திவிட்டான். “யக்கா, நீங்க இங்கன வரல. நானும் உங்களப் பாக்கல. போயிருங்க, பின்னாடியே பைக்குல ஆள் வருது” என்றான். தார்ப்பாயை அங்கேயே போட்டுவிட்டு ஓடினோம்.

வேனில் ஏறிய பிறகு அமலா கேட்டாள்: “அக்கா, எங்க ஹாஸ்டலுக்குத் தண்ணி கொண்டு வாறதும் இந்த வண்டிதான?” எழிலரசன் வண்டியைக் கிளப்பினான்.

நம் வீட்டு ஓனர் கோதண்டராமன் ஐயா தன் பேத்தி பெயரை எழுதி வைத்திருக்கும் வண்டி அது. ஐயனார் நம் வீட்டுச் சம்பில் தண்ணீர் விடுவதும் அதிலிருந்துதான். ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குக் கையிலும் கழுத்திலும் தடிப்பு. உப்புத் தண்ணீர் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வருகிறது. சமையலுக்கும் குளிப்பதற்கும் இதுதான்.

இன்று காலை ஐயா மாடிக்கு வந்தார். இத்தனை நாளில் மாடி ஏறாத மனிதர். “இன்னாமா கனகு, ஏரிப்பக்கம்லாம் போய்கினு கீறியாமே? பொம்பளைங்க ராத்திரில அங்க போவலாமா? பாம்பு கீது, பூச்சி கீது. வேல்ராஜ் எப்போ வர்றான்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பைக்கில் வந்த ஆள் ரோட்டோரம் நின்ற வேனைப் பார்த்திருப்பான். சீக்கிரம் வருவார் என்றேன். நீங்கள் வர இன்னும் இரண்டு மாதம் இருப்பது அவருக்குத் தெரியும். எல்லாரும் வீடு இல்லை என்று சொன்னபோது நமக்குக் கதவைத் திறந்த மனிதர். அவர் இறங்கிப் போன பிறகு கதவைத் தாழ்போட்டுவிட்டு, தாழ் சரியாக விழுந்ததா என்று மறுபடி எழுந்து பார்த்தேன்.

எழிலரசன், இதில் என்னைச் சேர்க்காதீர்கள் அக்கா, ஐயா எனக்குச் சொந்தம், நான் இந்த ஊரில்தான் வாழணும் என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அமலாவும் நானும் ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை லீவு போட்டுக் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறோம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது கொடுத்திருப்பேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவும்தான் கடிதமாக எழுதுகிறேன். கோபப்படாதீர்கள்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். ஆனால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். கத்தரிக்காய் வாங்கினாயா என்று மட்டும் கேளுங்கள், படித்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்வேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். ராத்திரி உங்கள் போனை அணைக்காமல் வையுங்கள்.

உங்கள்
கனகலட்சுமி


மண்ணூர்,
பங்குனி 2.

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீடு மாறிவிட்டேன். அமலாவும் நானும் இங்கே ஒரு அறை எடுத்திருக்கிறோம். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்று நீங்கள் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டீர்கள். வாங்கினேன் என்றேன். அந்த நேரத்தில் நீங்கள் திட்டாமல் இருந்ததே எனக்குப் பெரிய தைரியம்.

மனு எழுதியதே தனிக் கதை. ஆபீஸ் வாசலில் எழுதித் தருகிறவர், இருட்டில் ஏரிக்கரையில் என்ன வேலை என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்கப் போனோம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள் அம்மா, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். முருகனை எதற்கு இதில் இழுக்க வேண்டும்? நடந்ததை அப்படியே எழுதுங்கள் என்று நின்றுவிட்டேன். உள்ளே மனுவை வாங்கிய அம்மாவும் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, நட்சத்திரமா என்று கேட்டார். ஆமாம் மேடம், அதற்கு இருட்டு வேண்டும், அதைத் தேடித்தான் போனோம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்களும் அதைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சீல் வைத்தார்.

அதன் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. டேங்கர் எப்போதும் போல வாசலில் வந்து நின்றது. ஆனால் விஷயம் கசிந்துவிட்டது. மாடிக்கு வரும் தண்ணீர் வால்வை மூடினார்கள். என் ஸ்கூட்டர் டயரில் இரண்டு நாள் காற்று இல்லை. ஐயாவின் சம்சாரம் சின்னப்பொண்ணு அம்மா கோலம் போடும்போது நான் இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒரு பைக் என் பின்னாலேயே மெதுவாக வந்தது. அன்று உங்களிடம் தலைவலி, சீக்கிரம் தூங்குகிறேன் என்று சொன்னது பொய். விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அதிகாரிகளும் போலீசும் ஏரிக்கரையில் மறைந்திருந்து வண்டியைப் பிடித்தார்கள். ஓட்டி வந்தது ஐயனார். வண்டியை அவனிடம் வாடகைக்கு விட்டிருந்தேன், அவன் என்ன செய்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஐயா எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயனார் ஒன்றையும் மறைக்கவில்லை. கெமிக்கல் கழிவை ஏரியில் இறக்கிவிட்டு, இரண்டு தடவை அலசிவிட்டு, அதே டேங்கரில் தண்ணீர் ஏற்றச் சொல்வார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன் என்றானாம். அவன் சொன்னதால்தான் ஹாஸ்டலுக்குத் தண்ணீர் மாற்றினார்கள். பிள்ளைகளுக்குத் தடிப்பு அடங்கி வருகிறது. அவன் ஜெயிலில் இருக்கிறான். ஐயா வீட்டில் இருக்கிறார். கெமிக்கலைக் கொடுத்த கம்பெனி எது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் சின்னப்பொண்ணு அம்மா மேலே வந்தார்கள். காலி பண்ணச் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். “எங்கையில ஒரு வார்த்த சொல்லிக்கீலாமே கனகு. நானே அந்த மனுசன நிறுத்திப்பேனே” என்றார்கள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது பார்த்தேன், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதே தடிப்பு. பூஜா குட்டிக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். சாமானை வண்டியில் ஏற்றும்போது அவர்கள் வெளியே வரவில்லை.

செய்தி பேப்பரில் வந்ததும் பஞ்சாயத்தில் ஏரிக்கரையில் ஹைமாஸ் விளக்குப் போட்டுவிட்டார்கள். கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கிறது. அங்கே இனி நட்சத்திரம் பார்க்க முடியாது. தவளைகள் திரும்ப வருமா என்றும் தெரியவில்லை.

அமாவாசைக்கு எங்கும் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் எழிலரசன் வேனோடு நின்றான். என் முகத்தைப் பார்க்காமல், உத்திரமேரூர் தாண்டி ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் அக்கா, பகலிலும் போனேன், இருட்டிலும் போனேன், யாரும் வரவில்லை என்றான். போனோம். தொலைநோக்கிக்கு நீங்கள் பிளைவுட்டில் செய்து கொடுத்த அடி நன்றாக நின்றது. பிள்ளைகள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருத்தி ஓரியன் நெபுலாவைப் பார்த்துவிட்டுப் புகை மாதிரி இருக்கிறதே என்று மறுபடி வரிசையில் போய் நின்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை அத்தான். அவர்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூரத்தில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் வேன் சாவி எங்கே என்று எழிலரசனைக் கேட்டேன். இருட்டைக் கண்டு நான் பயந்தவள் இல்லை. இப்போது அப்படி ஆகிவிட்டேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பங்குனி உத்திரத்துக்கு உங்களுக்கு லீவு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். குலசாமி கோயிலுக்குப் போகும்போது திருச்சுழியில் இறங்கி, ஐயனார் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவன் அம்மா மட்டும்தான் இருக்கிறார்களாம். மகன் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்க்க மனுப்போட்டேன். யக்காவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. என் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவன் அன்று டார்ச்சைத் தாழ்த்தினான் என்பதை மட்டும் எப்படியாவது அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் திட்டினால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்
கனகலட்சுமி