உள் டயருக்கு வைத்த எலுமிச்சை

லாரி ஹாரனை விட என் வாய்தான் பெரிது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த என் மாமாவுக்கு,

அந்த வாயை இந்த ஆயுதபூஜைக்குத்தான் உருப்படியாகப் பயன்படுத்தினேன். நீங்கள் கேட்க வேண்டிய சேதி. நிதானமாகக் கேளுங்கள்.

நீங்கள் போன அன்று உங்கள் முதலாளி வையாபுரி நம் வாசலில் நின்று என்ன சொன்னார் தெரியுமா? உங்களை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. "நல்ல டிரைவர்தானுங்க. என்ன பண்றது, தூங்கிப்போட்டான்" என்றார். துண்டால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணித்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கை எழவில்லை.

அதற்குப் பிறகு நான் 'தூங்கிப்போன டிரைவர் பொண்டாட்டி' ஆகிவிட்டேன். பிழைப்புக்காக நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் பூக்கடை போட்டேன். மாலை வாங்க வருகிறவர்கள்கூட, "தூக்கத்துல உட்டுட்டாராமா?" என்று உச்சுக்கொட்டினார்கள். கண் லேசாகச் சொக்கினாலே வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவுகிற மனுசனுக்கு இப்படி ஒரு பேரா? என்னால் பொறுக்க முடியவில்லை, மாமா.

ஏனென்றால் நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். லாரிக்குப் பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக ஓடும். அந்த ஜோடியில் வெளியே பெரிய சைஸில் புது டயர், உள்ளே ஒரு சைஸ் சின்னதாகத் தேய்ந்த டயர். இதுதான் வையாபுரி கண்டுபிடித்த டீசல் சிக்கனம். காலியாகத் திரும்பும்போது வெளி டயர் மட்டும் ரோட்டைத் தொடுமாம், மைலேஜ் கிடைக்குமாம். லோடு ஏற்றினால் இரண்டும் சேர்ந்து தாங்கிக்கொள்ளுமாம். எந்த மகராசன் இவருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தானோ!

ஒருநாள் வண்டியை நம் ஊட்டு முன்னால் நிறுத்தி, உள் டயருக்கும் தரைக்கும் நடுவில் விரலை விட்டுக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா?

"பாரு பூங்கொடி, ஒருத்தன் சுமக்கறான், ஒருத்தன் சும்மா வாரான். சுமக்கறவன் ஒருநா வெடிப்பான்."

"முதலாளிகிட்டச் சொல்றதுதானுங்க?"

"சொல்லியாச்சு. ஓட்டறதுக்குத்தான் உனக்குச் சம்பளங்கறாரு."

அந்தக் கடைசி நடையில் ஆத்தூரில் மக்காச்சோளத்தைத் தலைக்கு மேல் ஏற்றி அனுப்பினார்கள். வெளி டயர் வெடித்தது. உள்ளே இருந்த தேய்ந்த டயரால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியுமா? வண்டி உங்கள் பக்கமே சாய்ந்தது. கவிழ்ந்த லாரியை ஷெட்டுக்குத் தூக்கி வந்ததும் வையாபுரி முதல் வேலையாகக் கழற்றி மறைத்தது அந்த டயர்களைத்தான்.

இந்த ஆயுதபூஜைக்கு மாலைக்கும் எலுமிச்சைக்கும் அவருடைய மேனேஜர் என் கடையிலேயே ஆர்டர் கொடுத்தார். கடைக்காரி யாரென்று அவருக்குத் தெரியாது. நானே கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

லாரிகள் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக நின்றன. டிரைவர்கள் தங்கள் சாவியைப் பூஜைத் தட்டில் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் முதலாளி கையால் வாங்குவதுதானே வழக்கம்? முதல் லாரிக்கு வெளி டயர்களுக்கு மட்டும் பழம் வைத்தார்கள். நான் குனிந்து உள் டயருக்கும் ஒன்று வைத்தேன்.

"அங்க எதுக்கம்மா?" என்றார் மேனேஜர்.

"அதுவும் டயருதானுங்களே."

அந்த லாரிச் சாவியை மட்டும் தட்டிலிருந்து எடுத்து, உங்கள் கூட்டாளி திருமலைதான் வண்டியை நகர்த்தினார். வெளியே வைத்த பழம் அப்பளமாகிவிட்டது. உள்ளே வைத்தது தோல் கீறி, லேசாக அமுங்கி, உருண்டையாகவே கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக வையாபுரி முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"முதலாளி, அன்னைக்குத் தூங்குனது என்ற மாமனில்லீங்க. உங்க உள் டயருங்க."

"இவளை யாருடா உள்ள உட்டது?" என்று கத்தினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டிரைவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவரவர் வண்டியின் உள் டயருக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமலை நிமிர்ந்து, "ஏனுங்க முதலாளி, நாளைக்கு நாங்களும் தூங்கிப்போவோமுங்களா?" என்றார்.

வையாபுரி சாவித் தட்டை நீட்டினார். ஒரு கையும் நீளவில்லை. அதைக் கண்குளிரப் பார்த்தேன், மாமா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டயரையெல்லாம் ஒரே சைஸாக மாற்றிய பிறகுதான் அவர் ஷெட்டிலிருந்து லாரி கிளம்பியது. பிறகு கடைக்கே வந்தார். "அதான் மாத்தியாச்சே சாமி, இன்னும் என்ன? விட்டுரு" என்றார்.

"என்ற ஊட்டு வாசல்ல நின்னு சொன்னீங்கல்லங்க? அதே வாசல்ல நின்னு, அவன் தூங்கலைன்னு சொல்லுங்க."

காரில் ஏறிப் போய்விட்டார்.

'போனாப் போகட்டும் உடு புள்ள' என்பீர்கள். விட மாட்டேன். நீங்கள் மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருகிற வரைக்கும், ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் கையில் ஒரு எலுமிச்சையோடு அவர் ஷெட் வாசலில் நிற்பேன். இது சத்தியம்.

நீங்கள் இப்போது தூங்குங்கள், மாமா. முழித்திருக்க நான் இருக்கிறேன்.

தூங்காத டிரைவரின் பொண்டாட்டி,
பூங்கொடி