டெல்லிக்குப் போன பிராது

என் உயிரான அண்ணனுக்கு,

நேற்று உன் காரியம் முடிந்தது. பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் வக்கீல் வந்திருந்தார். ஆமாம், அவரேதான். எதற்கு வந்தார் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பழையதையும் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள்.

உத்தனப்பள்ளி ரோட்டோரத்து நம் நிலத்தில் தனக்குப் பங்கு உண்டென்று ஓசூர் கம்பெனிக்காரன் ஒருவன் கேஸ் போட்டான். நீ இவரிடம் வக்காலத்துக் கொடுத்தாய். ஒவ்வொரு வாய்தாவுக்கும், நீ எதற்கு வேலையை விட்டுவிட்டு அலைகிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பி அனுப்பினார். நீயும் நம்பி ராகிக்கு உழுதுகொண்டிருந்தாய். அவர் கோர்ட்டில் நிற்கவே இல்லை. கம்பெனி ஆள் வேலிக்கல் நட வந்தபோதுதான் நமக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது என்றே நமக்குத் தெரியும். அப்பீலுக்குக் கெடுவும் தாண்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் மற்ற கேஸ்களையெல்லாம் இவர்தான் நடத்துகிறார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

வக்கீல் மேல் பிராது எழுத ஒரு வக்கீலும் கிடைக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கிருஷ்ணகிரியில் ஒரு டைப் அடிப்பவரைப் பிடித்து நாமே எழுதி, வக்கீல்களை விசாரிக்கிற மெட்ராஸ் பார் கவுன்சிலுக்கு அனுப்பினோம். அங்கே விசாரிக்க உட்கார்ந்த மூன்று பேரும் வக்கீல்கள். நான் வேலை செய்கிற கம்பெனியில் மெஷினில் ஒரு பீஸை ஓட்டினவரே அதைப் பாஸ் பண்ண முடியாது, வேறொருவர் பார்த்துத்தான் முத்திரை போடுவார். ஒரு திருகாணிக்கு இருக்கிற நியாயம் நம் நிலத்துக்கு ஏன் இல்லை?

முதல் தடவை நம் வக்கீல் வரவில்லை, வாய்தா. அடுத்த தடவை வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் நீ என்ன செய்தாய்? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். சௌக்கியமா என்று அவர் கேட்க, சௌக்கியந்தானுங்க என்று சிரித்தாய். மூவரில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருவருக்கும் மனஸ்தாபம் இல்லை என்று இங்கிலீஷில் எழுதியும் வைத்தார்கள். நமக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

திரும்பி வரும்போது பஸ் முழுக்க உன்னைத் திட்டினேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாய்.

“பெரிய மனுசன் வந்தா எந்திரிக்காம எப்படி இருக்கறது? மரியாத வேற, பிராது வேற.”

உனக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் படித்த மூன்று பேருக்குத் தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருந்தார்களா?

பேசித் தீர்க்கச் சொல்லியே வருஷம் ஓடிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பிராது டெல்லியில் இருக்கிற பெரிய கவுன்சிலுக்குப் போய்விடுமாம், சட்டமாம். தாமதம் செய்தது அவர்கள், அலைய வேண்டியது நாம். டெல்லியில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றால் குளிருமா என்று நீ கேட்டாயே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

நேற்று வக்கீல் மாலையோடு வந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மாமன் ஓடிப்போய் நாற்காலி போட்டார். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ஆளே போனபிறகு பிராது எதற்கு, வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணியிடம் பேனாவை நீட்டினார். அண்ணி பேனாவைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தேன் அண்ணா. கால் தானாக எழப் பார்த்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பந்தலே என்னைப் பார்த்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“உங்கண்ணன் மரியாத தெரிஞ்ச மனுசன்மா.”

“ஆமாங்க,” என்றேன். “அவரு மரியாதயத்தான் நீங்க உங்களுக்குச் சாட்சியாக்கிட்டீங்க. எங்கிட்ட அது கிடைக்காது.”

பேனாவை மூடி வைத்துக்கொண்டு போய்விட்டார். மாமன் இன்னும் என்னோடு பேசவில்லை.

செத்தவன் கொடுத்த பிராது உயிரோடு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருந்தால், டெல்லியில் பெயர் கூப்பிடும்போது அண்ணியும் நானும் அங்கே இருப்போம். தேதி வந்ததும் லீவு வேண்டும் என்று கம்பெனியில் இப்போதே சொல்லிவிட்டேன். அவர் உள்ளே வரும்போது உன் துண்டு என் மடியில் இருக்கும், நான் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை மனஸ்தாபம் இல்லை என்று யாரும் எழுத முடியாது.

உன் பிராதைக் கைவிடாத,
உன் கூடப் பிறந்த தங்கச்சி