ஞானம்மா வெட்டவைத்த வடிகால்

1969 ஜூலை 13, ஞாயிறு
கோயில் ஆராதனை முடிந்து நேராக நிலத்துக்குப் போனோம். சர்க்கார் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கர். விதைத்த கேழ்வரகு முளையிலேயே கருகிவிட்டது. மண்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல உப்பு. "இந்த உப்பக் கட்டிக்கினு அழுவறதுக்கு மெட்ராஸ்ல கூலிக்குப் போலாம், விக்டோரியா" என்றார் என் வீட்டுக்காரர் மோசஸ்.

ஜூலை 17
பக்கத்து நிலத்து ஞானம்மா ரயிலேறிப் பொன்னேரி விவசாய ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார் — தனியாக! வந்ததும் எல்லாரையும் கூட்டினார். "உப்பு மழத்தண்ணில கரையும். கரைஞ்ச தண்ணி உப்பு ஏரிக்குப் போவ வடிகால் வேணும். ஒருத்தர் ரெண்டு பேரால ஆவாது. பட்டா வாங்கின பதினோரு ஊடும் வரணும்." கையெழுத்துப் போடத் தெரியாதவர். அத்தனையையும் எப்படி மனதில் ஏற்றிக்கொண்டு வந்தார்?

ஜூலை 20
மீனவர் குப்பத்தின் வழியாகத்தான் வடிகால் ஏரிக்குப் போக முடியும். ஞானம்மாவும் நானும் போய்க் கேட்டதற்குக் குப்பத்துத் தலைவர் துலுக்காணம், "வலை காயப்போடற எடம்மா அது. வெட்டிட்டா நாங்க இன்னா பண்றது?" என்றார். எனக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தது. ஞானம்மா அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வருசா வருசம் மழைக்கு இது முழுகுதே, நைனா. வெட்டற மண்ண இங்கியே கொட்டி மேடாக்கித் தர்றோம்." துலுக்காணம், "எத்தினி அடி மேடு?" என்றார்.

ஆகஸ்ட் 9
வடிகால் வெட்டி வெட்டிக் கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 23
இன்று குப்பத்து ஆட்களும் கூடையோடு இறங்கிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் ஞானம்மா அவர்களுக்கும் கூழ் ஊற்றினார். எங்கள் கையால் வாங்கி அவர்கள் குடித்து நான் பார்த்ததேயில்லை. துலுக்காணம் ஒரு நிமிஷம் தயங்கினார் — குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டார்.

நவம்பர் 4
மூன்று நாள் மழை. வயலில் கட்டி நிறுத்திய தண்ணீரை வடிகாலில் திறந்தோம். மோசஸ் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, "கரிக்குது விக்டோரியா, கரிக்குது!" என்று கத்தினார். தண்ணீர் கரித்ததற்கு ஊரே குதித்தது!

1970 செப்டம்பர் 12
விதைத்த தக்கைப்பூண்டு இடுப்பளவு நின்றது. உரமாகட்டும் என்று இன்று மடக்கி உழுதோம். நம் மண்ணில் முதலில் வளர்ந்த பச்சை — எனக்கு மனசு கேட்கவில்லை. "அழுவாதடீ, மண்ணு துன்னட்டும்" என்றார் ஞானம்மா.

1971 ஜனவரி 28
நெல் அறுப்பு. எல்லாரும் களத்தில் இருந்தோம். ஞானம்மாவை மட்டும் காணோம். தேடிப் போனேன். கிழக்கு மூலையில், இன்னும் ஒன்றும் முளைக்காத திட்டில் குந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.
"இங்க தண்ணி சரியா வடியல. நாளைக்கு மம்முட்டி எத்துக்கினு வா."
சரி என்றேன்.