பிழைக்கத் தெரிந்த கேள்வி

என் ஸ்டெல்லாவுக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் "கோழி கிளறின மாதிரி" என்று நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரி, சிரி. நீ போனபிறகு என் கையெழுத்தைப் பழிக்க ஆளில்லாமல் அது இன்னும் கெட்டுப்போயிருக்கிறது.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நேரே சொல்லத்தான் போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். "வெள்ளவத்தைச் சித்தி வந்திட்டா" என்று உன் பிள்ளைகள் தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். உன் மனிசன் பேலியகொடை மீன் சந்தையில் வாங்கின பாரை மீனின் பெருமையைத் தொடங்கினார். அது முடிய இருட்டிவிட்டது. உன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு சொல் கதைக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டுமே, நீ எப்போது இரகசியம் காத்தாய்?

இந்த வருடம் விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வேலை என் தலையில் மட்டும் விழுந்தது. ஆய்வுகூடத்தில் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நம் இரண்டு ஸ்டூல்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில் ஒருவரையும் இருக்க விடவில்லை.

பிள்ளைகள் வழக்கம்போலப் பெரிய பெரிய கேள்விகளோடு வந்தார்கள். மஞ்சள் உடம்புக்கு நல்லதா? பிளாஸ்டிக் உலகத்தை அழிக்குமா? நீ இருந்திருந்தால் விடுவாயா? "நல்லது எண்டா என்ன மகள்? ஆருக்கு? எதைவிட? எதால அளப்பாய்?" என்று தொடங்கியிருப்பாய். கடைசியில் கண்ணை உருட்டிக்கொண்டு உன் அந்த ஒரு கேள்வி: "என்ன நடந்தா, நீ நினைச்சது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவாய்?" பிள்ளை முழித்தால், "இது பிழைக்காத கேள்வி. போய் வேற கொண்டு வா."

ஒருநாள் நான் கேட்டேன், ஏன் இப்படிச் சிறுபிள்ளைகளைப் பயப்படுத்துகிறாய் என்று. "பயப்படுத்தேல்லையடி. தமிழில பிழை விடுறதுக்கும் உயிர் தப்புறதுக்கும் பிழைக்கிறது எண்ட ஒரே சொல்லுத்தானே? பிழைக்க ஏலாத கேள்வி பிழைக்காது" என்றாய். வாய்க்குள் வடை இருந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது, மீதிக்கு வருடக்கணக்காயிற்று.

பிறகு நீ கிடந்த ஆசுபத்திரியில் அந்த டொக்டர், "ஆள் பிழைக்கிறது கஷ்டம்" என்றார். அதே சொல். ஸ்டெல்லா, உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வகுப்பில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கரும்பலகைக்குக் கிட்டப் போவேன், வேறு ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்புவேன். அது இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைத் திருத்திக் கொடுக்கவும் எனக்குத் தெரியவில்லை. இந்த முறை கண்காட்சிக்கே போக வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் தர்சிகா வந்தாள். உனக்குத் தெரியாத பிள்ளை, நீ போனபிறகு சேர்ந்தவள். கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அவர்களுக்கு ஒரு மாடிவீடு. "மிஸ், எங்கட ஜன்னல் கம்பி ஏன் இவ்வளவு கெதியா துருப்பிடிக்குது? அம்மா சொல்லுறா, முன்வீட்டு அன்ரி கண்வைச்ச நாவூறாம்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எந்தப் பிள்ளையின் கேள்வியையும் நீ குப்பையில் போட்டதில்லையே. நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"சரி, நாவூறு எண்டே வைப்பம். அது இல்லை எண்டு எப்பிடிக் காட்டலாம்?" என்றேன்.

அவள் யோசித்தாள். நல்லாய் யோசித்தாள். "காட்டவே ஏலாது மிஸ். துருப்பிடிச்சா நாவூறு எண்டுவா. பிடிக்காட்டி, நாவூறு கழிச்சனான்தானே எண்டுவா. எப்பிடிப் பார்த்தாலும் அம்மாதான் சரி."

ஐயோ ஸ்டெல்லா! அந்தப் பிள்ளையை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "அப்ப அது பிழைக்காத கேள்வி. பிழைக்கக்கூடிய ஒண்டு கொண்டு வா." சொல்லிவிட்டேன்! சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. உன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த கிழமை அவளும் அவள் கூட்டாளிப் பிள்ளைகளும் கேள்வியைச் சீவிச் சீவிக் கொண்டுவந்தார்கள். 'ஏன்' போய்விட்டது. 'கெதியா' போய்விட்டது. கடைசியில் நின்றது இதுதான்: கடலோரத்துப் பால்கனியில், மழை படுகிற ஆணி அதிகம் துருப்பிடிக்குமா, கூரைக்குக் கீழே மழை படாமல் தொங்குகிற ஆணி அதிகம் துருப்பிடிக்குமா? மழை பட்டதுதான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். நானும்தான்.

காலி வீதி இரும்புக் கடையில் ஒரே அளவு ஆணியாகப் பார்த்து வாங்கினேன். எதற்கு இவ்வளவு என்று முதலாளி கேட்டார். துருப்பிடிக்க விட என்று சிங்களத்தில் சொன்னேன். மனிசன் மிச்சக்காசைத் தூர நின்றே நீட்டினார்.

ஒழுங்கையில் பிள்ளைகளுடைய பால்கனிகளில் எல்லாம் ஆணி தொங்கியது. தர்சிகாவின் அம்மா, துருப்பிடித்த இரும்பு வீட்டில் தொங்கக் கூடாதென்று தங்கள் பால்கனி ஆணி அத்தனைக்கும் தேங்காயெண்ணெய் பூசிவிட்டா! பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் முறை ஆணிகளுக்குப் பக்கத்தில் அவளே ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டாள்: 'அம்மா, தயவுசெய்து தொடாதேங்கோ.'

தென்மேற்கிலிருந்து வீசின சோளகக் காற்றும் மழையும் ஓய்ந்தபிறகு ஆணிகளை எடுத்துத் துருவைச் சுரண்டி, தராசில் நிறுத்துப் பார்த்தோம். அடியேய், எல்லாம் தலைகீழ்! கூரைக்குக் கீழே இருந்த ஆணிகள்தான் கூடுதலாகத் தேய்ந்து நிறை குறைந்திருந்தன. பிள்ளைகள் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அப்புறம் ஒருத்தி மெல்லச் சொன்னாள், கடற்காற்றில் வந்து ஆணியில் படிந்த உப்பை மழை கழுவியிருக்குமோ என்று. அந்த 'மோ'வில் இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்?

சந்தோஷம் நீடிக்கவில்லை. பிள்ளைகள் காட்சிப் பலகையில் 'எமது பிழைக்கக்கூடிய கேள்வி' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து உப அதிபர் வந்து பார்த்து, அதைத் தன் கையாலேயே 'எமது பிழையற்ற கேள்வி' என்று திருத்திவிட்டா. பிறகு முடிவை வாசித்தா. முகம் சுருங்கிவிட்டது.

"பிள்ளையள் நினைச்சது பிழையெண்டு பள்ளிக்கூடத்தின்ர பேரில போடுறதே? முதலே கூரைக்குக் கீழ இருக்கிற ஆணிதான் கூடத் துருப்பிடிக்கும் எண்டு நினைச்சதா மாத்தி எழுதுங்கோ மிஸ். ஆருக்குத் தெரியப்போகுது? இல்லாட்டி இதை அனுப்ப வேண்டாம்."

உனக்குத்தான் தெரியுமே, சண்டை உன் பங்கு, தேத்தண்ணி ஊற்றுவது என் பங்கு. நீ கத்தி முடிய நான் பிஸ்கட்டோடு வருவேன். இந்த முறை கத்த நீ இல்லை. தர்சிகா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாற்றி எழுதினால் அனுப்பலாம். ஆனால் அதன்பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் கேள்வி கேட்பாளா?

"இல்லை மிஸிஸ்" என்றேன். "பிள்ளையள் முதல் நினைச்சதும் அப்பிடியே போகும், பிழைச்சதும் அப்பிடியே போகும். மாத்தினா நான் அதில கையெழுத்து வைக்கமாட்டன்." அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "ஸ்டெல்லா மிஸ் போயிட்டா எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. திட்டினாவா, புகழ்ந்தாவா, இன்றைக்கும் தெரியாது. பிள்ளைகள் எழுதின தலைப்போடு பலகை கண்காட்சிக்குப் போனது.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் வந்து குனிந்து வாசித்தார். "அப்ப நீங்கள் நினைச்சது நடக்கேல்லை, என்ன?"

தர்சிகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓம் சேர், வடிவா பிழைச்சிட்டுது!" என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உப்பைப் பற்றி அவர்களோடு கதைக்கத் தொடங்கினார். மற்றப் பலகைகள் காத்திருந்தன. எழும்பும்போது கேட்டார், இப்படிக் கேள்வி கேட்க ஆர் பழக்கினது என்று. என்னைக் காட்டுவாள் என்று நான் சேலையைச் சரிசெய்தேன்.

"ஸ்டெல்லா மிஸ்" என்றாள். "நாங்கள் அவவைக் கண்டதில்லை சேர். எங்கட மிஸ் ஒவ்வொரு நாளும் சொல்லுவா."

பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. போகட்டும். நான் மண்டபத்துக்கு வெளியே போய் நின்று நல்லாய் அழுதேன். ஆசுபத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி அழுதேன், ஆனால் இது வேறு அழுகை. நன்றியடி ஸ்டெல்லா. வடையோடு சொன்னதற்கும் நன்றி.

உப்புத்தான் காரணமா என்று பார்க்கப் பிள்ளைகள் இப்போது அடுத்த பரிசோதனைக்கு ஆணி வாங்கச் சொல்லி நிற்கிறார்கள். கூரைக்குக் கீழ் ஆணிகளில் பாதியை நல்ல தண்ணீரால் கழுவிப் பார்க்கப் போகிறார்களாம். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி சண்டையும் நானே பிடிப்பேன், தேத்தண்ணியும் நானே ஊற்றுவேன். உன் ஸ்டூலையும் இனி வெறுமையாக வைக்கமாட்டேன். நேற்று தர்சிகாவை அதில் இருத்தினேன். அவளிடம் கேள்வியோடு வந்த சின்னப் பிள்ளையைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்கிறாள்: "என்ன நடந்தா, நீ நினைச்சது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவாய்?"

அந்த டொக்டருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது, ஸ்டெல்லா. நீ பிழைத்துக்கொண்டாய்.

உன் பிள்ளைகளின் வெள்ளவத்தைச் சித்தி,
வாசுகி