கைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்

எவ்வளவு சண்டை போட்டாலும் முதலில் சோற்றைப் போட்டுவிட்டு, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் கஸ்தூரிக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஜனனி ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, இன்னொன்று ஆடுகிறது. நீ எடுத்துக் கொடுத்த பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. இதையெல்லாம் தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஜனனியின் டீச்சர் பர்வீன் மிஸ், "உங்க வீட்ல நடந்ததை நீங்களே நாலு பேருக்குச் சொன்னா நல்லாருக்கும். பேச வரலைன்னா எழுதிக் குடுங்க, நான் படிக்கிறேன்" என்றார். நாலு பேருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. நான் தப்பு செய்தது உன் பெண்ணுக்கு. பதில் சொல்ல வேண்டியது உனக்கு. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது நீ இட்லியைப் பிட்டுத் தட்டில் வைப்பாய். அவள் இடது கையை நீட்டுவாள். நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டு வலது கையில் திணிப்பேன். அவள் நிதானமாக அதை இடது கைக்கு மாற்றி வாயில் போட்டுக்கொள்வாள். நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

"பீச்சாங்கைப் பழக்கம் வந்துடும். இப்பவே மாத்தணும்" என்பேன்.

"வந்துடும் இன்னா, வந்தேகீது. எந்தக் கையில துன்னா இன்னா? வவுறு ரொம்புனா சரி."

பால்வாடியில் டீச்சராக இருந்தவள் நீ. எர்ணாவூர் குடியிருப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள். "என்கிட்ட வர்ற பசங்கள்ல வருசத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்படி இருக்கும். பொறக்கும்போதே அப்படி. அது அடம் புடிக்கல, நீதான் அடம் புடிக்கிற" என்று நீ சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

உனக்குத் தெரியும், திருவொற்றியூர் மளிகைக் கடை என் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து போட்டது. எடை போடக் கற்பதற்கு முன்னால் நான் கற்றது, சாமானை இடது கையால் நீட்டக் கூடாது என்பதுதான். ஜனனிக்கு நாலு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கடைக்கு வந்த ஒரு அம்மா குங்குமம் கேட்டார். இவள் ஓடிப் போய் ஒரு பாக்கெட்டை எடுத்து இடது கையால் நீட்டினாள். அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம அதுவுமா பீச்சாங்கைல குடுக்குது பாரு. இன்னா புள்ள வளக்குறீங்கோ" என்றார்.

நான் அந்தச் சின்னக் கையில் ஓங்கி அடித்தேன். பாக்கெட் கிழிந்து குங்குமம் தரையெல்லாம் கொட்டியது.

அன்றைக்கு நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். கோபம் உச்சிக்கு ஏறினால்தான் உன் வாயில் 'யோவ்' வரும். "யோவ், அந்தம்மா நாளைக்கு வேற கடைக்குப் பூடும். இவ எங்கய்யா போவா?" என்றாய். அதற்கு அப்புறம் உனக்குப் பயந்து நான் கொஞ்ச காலம் அடங்கியிருந்தேன். அடங்கினேனே தவிர மாறவில்லை.

அப்புறம் நீ காய்ச்சல் என்று படுத்தாய். ஆறாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். அந்த ஆறு நாளும் ஜனனி உன் தங்கை வீட்டில் இருந்தாள். போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். "அம்மாவுக்குக் காய்ச்சல்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றே தினமும் சொன்னேன்.

நீ இல்லாத வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், 'தாயில்லாப் பொண்ணு, பார்த்து வளர்க்கணும்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஜடை பின்னத் தெரியாது. அவளுக்குப் பிடித்த மாதிரி ரசம் வைக்கத் தெரியாது. இந்தக் கையையாவது சரிப்படுத்தி, நல்லபடி வளர்த்தேன் என்று பேர் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் கஸ்தூரி, அப்போது அது பாசம் என்றுதான் எனக்குப் பட்டது.

முதலில் அதட்டினேன். பிறகு வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடையில் சுளுக்குக்குக் கட்டுகிற துணிப்பட்டை ஒன்று வாங்கிவந்து, விரலெல்லாம் மூடும்படி அந்தக் கையைச் சுற்றிக் கட்டினேன். பள்ளிக்கூடத்தில், விழுந்து சுளுக்கிக்கொண்டாள் என்று சொன்னேன்.

"கைக்கு இன்னா ஆச்சுப்பா?" என்று அவள் கேட்டாள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கைக்குக் காய்ச்சல்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அடம் பிடிக்கவில்லை, கட்டை அவிழ்க்கப் பார்க்கவில்லை. வலது கையால் கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உன் தங்கைக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன் என்றால் நம்புவாயா?

மூன்று வாரம் அப்படியே போனது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணி எண்ணிச் சக்கரம் போடுவாளே, அதை நிறுத்திவிட்டாள். பாயை நனைக்க ஆரம்பித்தாள். பேசும்போது முதல் எழுத்திலேயே வார்த்தை மாட்டிக்கொண்டது. அம்மா ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் பர்வீன் மிஸ் கடைக்கே வந்தார். தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கியிருக்கிறார். "ஜனனி அப்பா, கொஞ்சம் தனியா பேசணும்" என்றார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினோம்.

"இன்னிக்கு அந்தக் கட்டை நான் அவிழ்த்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை, காயம் இல்லை. கையைத் தூக்கும்மான்னா தூக்க மாட்டேங்குது. ஏன்டா செல்லம்னு மடியில வெச்சிக் கேட்டேன். அது சொல்லுது..."

 அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"'அது செத்துப்போச்சு மிஸ். அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. எங்கம்மாவுக்கு வந்துச்சில்ல, அது மாதிரி. இப்போ இந்தக் கைக்கும் வரும். அப்பறம் நானு'ன்னு சொல்லுது. நீங்க என்ன சொல்லி வெச்சிருக்கீங்க அதுகிட்ட?"

பாயை அவள் ஏன் நனைத்தாள் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக அந்தக் குழந்தை தன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது என்று நம்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறது. நான் அவள் நோட்டில் எழுத்து நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவளை எதிரில் உட்காரவைத்து, அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சொன்னேன். "கைக்கு ஒண்ணுமில்லடா. காய்ச்சலே இல்ல. அப்பா பொய் சொன்னேன். நீ சோத்தாங்கையில எழுதணும்னு பொய் சொன்னேன்."

அவள் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திக்கித் திக்கிக் கேட்டாள்.

"அப்போ அம்மாவுக்கும் காய்ச்சல் இல்லியா? அதுவும் பொய்யா? அம்மா வந்துருமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். "அது பொய் இல்லம்மா. அம்மா வராது" என்றேன். உன்னைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ஒரு பிள்ளை தன் அம்மாவை இரண்டு தடவை சாகக் கொடுக்கும்படி செய்தேன் நான்.

ராயபுரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். கை அவளுடையது, அது பிறவி வாகு, மாற்ற ஒன்றுமில்லை என்றார். இடது கையால் எழுதுகிற பிள்ளைக்கு நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும், எழுதினதைக் கையே மறைக்காது என்று காட்டினார். பர்வீன் மிஸ் அவளைப் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றினார், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் இருக்க. இடது கைக்கென்று கத்தரிக்கோல் இருக்கிறதாம், தேடி வாங்கினேன். ஒரு தகப்பன் செய்ய வேண்டியது இவ்வளவுதானா என்று வெட்கமாக இருந்தது.

"பயம் எப்போ சார் போகும்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எழுத்து சீக்கிரம் வந்துடும். மத்தது உங்க கையில இருக்கு. அவசரப்படாதீங்க" என்றார்.

இப்போது பாய் நனைவதில்லை. திக்கல் பாதி குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இடது கையால்தான் எழுதுகிறாள், அழகாக எழுதுகிறாள் என்று மிஸ் சொல்கிறார். ஆனால் வீட்டில் நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் பென்சில் வலது கைக்குப் போய்விடுகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை தானாகத் தொடைக்கு அடியில் போகிறது. அவள் யோசித்துச் செய்வதில்லை. நான் பழக்கினது, பழகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் நோட்டைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். "இந்தக் கையில எழுதட்டாப்பா?" நேற்றும் கேட்டாள். இன்றைக்கும் கேட்டாள். தன் கையைத் தான் பயன்படுத்த அனுமதி கேட்கிற ஒரு ஆறு வயதுப் பெண்ணின் முகத்தை நீ பார்த்ததில்லை, அந்த மட்டும் நல்லது.

கஸ்தூரி, இனி அவளைப் பணிய வைப்பதற்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "எழுதும்மா" என்று சொல்வேன். ஆயிரம் தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ள மாட்டேன். அவளாகக் கேட்பதை நிறுத்தும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் பேச்சைக் கேட்காத வீட்டுக்காரன்,
ஜனனியின் அப்பா