பதில் வராவிட்டால் பாஸ்

பதுளை,
20.01.2025

திரு. ஹாஷிம் அவர்களுக்கு,

பொன்னையா எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை, வேலை விஷயம். விலாசம், உங்கள் மனைவி ஷஹீலா முன்பு அனுப்பிய பார்சலின் உறையில் இருந்தது.

யாரும் திருத்தம் அனுப்பலாம் என்கிற அந்த இலவச இயங்குதளத்துக்காக நீங்கள் எழுதிய சோதனை நிரல் ஒன்றில் பிழை இருக்கிறது. உங்கள் குழுவுக்கு இரண்டு முறை மின்னஞ்சலில் திருத்தம் அனுப்பினேன். பதில் இல்லை. பல்கலைக்கழகம் போகாதவன், தோட்டத்து ஆபீசில் டைப் அடித்தபடி கம்ப்யூட்டரைத் தானாகப் படித்தவன் அனுப்பினால் அப்படித்தான் இருக்கும் போல. ஆகவே தாளில் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தாள் என்றால் கூட்டிப் பெருக்குகிறவராவது பார்ப்பார்.

நாம் பஸாரில் கடை நடத்திய காலத்தையே மறந்தவர் இதையும் மறந்திருப்பீர்கள் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலுக்குள் இருக்கும் பெக்கட் ஃபில்டர், தோட்டத்துக் கேட்டில் நிற்கும் வாச்சர் மாதிரி. வருகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பார்த்து, விதிப்படி உள்ளே விடும், அல்லது சத்தமில்லாமல் கைவிடும். உங்கள் சோதனை ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு போலி மெஷின்களை எழுப்புகிறது. நடுவில் ‘யாரையும் விடாதே’ என்று விதி போடுகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிடுகிறது. பதில் வராவிட்டால் ‘பாஸ்’ என்கிறது.

என் வீட்டு மெஷின் கிழடு. அதில் அந்த விதியையே எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் பாஸ்! வாச்சரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ‘காவல் பலமாக இருக்கிறது’ என்கிறது. காரணம், இரண்டாவது மெஷின் அந்த நேரத்தில் இன்னும் எழும்பவே இல்லை. எழும்பாதவன் எப்படிப் பதில் சொல்வான்? முதலில் விதி இல்லாமல் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் விதி. எழும்புவதற்காக ஐந்து நொடி பொறுக்கும்படியும் எழுதியிருக்கிறேன்.

ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பதில் போடமாட்டீர்கள் என்பதும் தெரியும். அதைப் போன ஐப்பசியிலேயே தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
வே. பொன்னையா


மெல்பேர்ன்,
12.02.2025

என் அருமை மச்சான் பொன்னையாவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. பிரித்தால் ‘திரு’வும் ‘நீங்களும்’! “என்ன, உங்க கூட்டாளி லீவ் லெட்டரா எழுதியிருக்காரு?” என்று ஷஹீலா கேட்கிறாள்.

குழுவில் யாரும் உன்னை ஒதுக்கவில்லை. அந்தப் பகுதிக்கு வரும் மின்னஞ்சலைப் பார்ப்பவன் நான்தான். உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் சில மாதமாகக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

உன் திருத்தத்தை ஓட்டிப் பார்த்தேன். என் மெஷினில் பிழை தெரியவே இல்லை. பொன்னையாவுக்குப் பிரமை என்று சொல்ல வாய்வரை வந்தது. பிறகு மெஷினை வேண்டுமென்றே மெதுவாக்கினேன். நீ சொன்னது சரி, விதி இல்லாமலே பாஸ். இத்தனை வருடம் என் சோதனை பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் உன் ஐந்து நொடியை ஏற்க முடியாது. உன் மெஷினைவிடக் கிழட்டு மெஷினுக்குப் பத்து வேண்டியிருக்கும். பொறுத்திருந்து ஒருமுறை கூப்பிட்டால் போதாது மச்சான், பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி அனுப்பு.

ஐப்பசியில் என்ன தெரிந்துகொண்டாய்? வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோனில் மணி அடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி ஜீவராணியிடம் சொல், அந்தக் கையால் போட்ட இஞ்சித் தேத்தண்ணி இந்த ஊரில் எங்கேயும் கிடைப்பதில்லை. சுகம்தானே?

வஸ்ஸலாம்,
உன் ஹாஷிம்


பதுளை,
04.03.2025

ஹாஷிம்,

ஜீவராணி இல்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. முடியாமல் கிடந்தபோதும் “ஹாஷிம் நானாவுக்குச் சொல்லிட்டீங்களா? அவரு மனசு தாங்காது, பதமாச் சொல்லுங்க” என்றாள். அவள் போன அன்றே உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது. கருமாதி முடிந்து பார்த்தேன், அதே ஒரு டிக். “பிளாக் பண்ணிட்டா அப்படித்தான் மாமா காட்டும்” என்று பக்கத்து வீட்டு ரமேஸ் சொன்னான். நீ ஊருக்குத் திரும்பவே மாட்டாய் என்று நான் திட்டியதை மனதில் வைத்துக்கொண்டாய் என்று நினைத்தேன். அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது? ஏன் கேட்க வேண்டும்?

மணி அடித்தாயாம்! கடைக் காலத்தில் வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி அடித்து வெட்டுவோம். மற்றவன் எடுக்கக்கூடாது. சுகமாகச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம். அதைக் கடல் தாண்டியும் காப்பாற்றியவன் நீ. சரியாக அந்த மாதம்தான் நிறுத்தினாய். உன் நம்பரிலிருந்து ஒரு மணியும் வரவில்லை. பொய் எழுதாதே.

ஐந்து நொடி என்றால் ஐந்து நொடிதான். மாற்றமாட்டேன்.

பொன்னையா


மெல்பேர்ன்,
22.03.2025

பொன்னையா,

கடிதத்தை ஷஹீலாதான் உரக்க வாசித்தாள். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நான் வாசித்தேன்.

அதே ஐப்பசியில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். சொன்னால் நீ அங்கே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பாய் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அமளியில் ஃபோன் தொலைந்தது. மகன் இன்ஸாப் புது ஃபோனும் புது நம்பரும் வாங்கித் தந்தான். உன் நம்பர் எனக்கு மனப்பாடம். கட்டிலில் கிடந்தபடியே வெள்ளிதோறும் ஒரு மணி அடித்து வெட்டினேன். நீ எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதானே நம் வழக்கம்! நம்பர் மாறியதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒற்றை மணி அடிக்க உனக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ சுகம், தங்கச்சி சுகம் என்று நிம்மதியாகத் தூங்கினேன், மடையன்.

பதில் வராததை நான் சுகம் என்று எடுத்துக்கொண்டேன். நீ பிளாக் என்று எடுத்துக்கொண்டாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆள் எழும்பியிருக்கிறானா என்று பார்க்காமல் முடிவு எழுதாதே என்று எனக்கு எழுதியவன் நீ. சோதனைக்கு ஒரு நியாயம், ஹாஷிமுக்கு ஒரு நியாயமா?

டாக்டர் இன்னும் பிளேனில் ஏற விடவில்லை. விட்ட உடனே வருவேன். தங்கச்சியை அடக்கிய இடத்தில் நிற்க வேண்டும். புது நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன் ஹாஷிம்


பதுளை,
10.04.2025

அட மடையா ஹாஷிம்,

நம்பரைப் பார்த்தேன். வெள்ளிதோறும் ஒரு மணி அடித்து வெட்டும் வெளிநாட்டு மோசடிக்காரன் என்று நினைத்து, மார்கழியில் நானே அதற்கு பிளாக் போட்டிருக்கிறேன். அதற்கு முன்பு ஃபோனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். அந்தத் திட்டு உனக்குச் சேர வேண்டியதுதான். நெஞ்சைத் திறக்கிறதைக் கூட்டாளியிடம் ஒருவன் மறைப்பானா? இதை நான் மன்னிக்கப்போவதில்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்.

ஜீவராணியை மேல்மலையில், தேயிலை முடிகிற ஓரத்தில் வைத்திருக்கிறோம். ஏற்றம் அதிகம். உன் நெஞ்சுக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வா. ஆகாவிட்டால் கீழே பாலத்தடியில் நிற்கலாம். அங்கிருந்தும் இடம் தெரியும். நான் பார்த்து வைத்துவிட்டேன். ஷஹீலாவை அழ வேண்டாம் என்று சொல்.

திருத்தத்தை மாற்றிவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. போன வாரம் என் மெஷினுக்கு ஐந்து நொடியும் போதவில்லை. இப்போது பதில் வரும்வரை கூப்பிடும். மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கிறேன், எழுதியவர் என்ற இடத்தில் நம் இரண்டு பேரையும் போட்டு.

பிளாக்கை எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை அடி. ஒரு மணியோடு வெட்டாதே. இப்போது எனக்கு முட்டிவலி. குசினி அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வர நேரமெடுக்கும், ஃபோனை எடுத்துக் கொடுக்கவும் வீட்டில் ஆளில்லை. நான் வந்து எடுக்கும்வரை அடி.

உன்
பொன்னையா