மேலே போன சேதி

கங்காதர நெல்லூர் பக்கம்,
19-8-1997

சிரஞ்சீவி சிரஞ்சீவிக்கு நைனா எழுதுவது. இப்படிப் பெயரை இரண்டு தடவை எழுதினால் நீ சிரிப்பாய், இந்தத் தடவை தெரிந்தேதான் எழுதினேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலம் என்பது போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஒன்பது நாள் நம் ஊரைப் பொறுத்தவரை நீ உயிரோடு இல்லை.

உன்னோடு வேலை செய்கிற கர்னூல் கிரண்குமார் ஐந்தாம் தேதி நம் திருவேங்கடத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்திருக்கிறான். மீ சிரஞ்சீவி பைகி வெள்ளிப்போயாடு, ரெண்டு நெலலு உத்தரம் ராது என்று தெலுங்கில் சொன்னதும் லைன் போய்விட்டதாம். நீ மலை மேலிருக்கும் காவல் போஸ்டுக்கு ஏறிவிட்டாய், இரண்டு மாதம் கடிதம் வராது என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னது. மேலே போய்விட்டான் என்றால் திருவேங்கடத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். பூத்தை மூடிவிட்டு நேராக நம் பக்கத்துக் கொல்லை முனிகிருஷ்ணனிடம் போயிருக்கிறான். மிலிட்டரியிலிருந்து ஆள் வந்து சொல்லும்வரை எங்கள் காதில் விழக் கூடாது என்று இருவரும் முடிவு செய்து, அந்த முடிவை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. கடலைக் கொல்லையில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் இருந்தேன், மறுநாள் காலை பதினான்கு பேர் வந்து நின்றார்கள். என்னப்பா இது என்றால் முனிகிருஷ்ணன், இன்னாணா, புள்ள பார்டர்ல கீறான், நாங்க கொஞ்சம் குனியக் கூடாதா என்றான். நீ பார்டருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, அவன் இதுவரை குனிந்ததில்லை. கெட்டுக் கிடந்த மோட்டார் ஒரே நாளில் ஓடியது. பக்கத்துத் தெரு ஆடிக் கூழுக்கு மைக் செட் கட்டவில்லை. எதிர்வீட்டு ரத்னம்மா தினமும் குழம்பு கொண்டுவந்தாள், நல்லாத் துன்னுணா, தெம்பு ஓணும் என்பாள். எதற்குத் தெம்பு என்றால் மூக்கைச் சிந்துவாள். ஜலதோஷம் என்று நினைத்து மிளகு ரசம் குடிக்கச் சொன்னேன். ஐம்பதாவது சுதந்திர தினம் வருகிறது, அதனால் ராணுவத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த வீட்டை மதிக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை கிரண்குமார் மறுபடி போன் செய்தான். திருவேங்கடம் ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடிவந்து, மேல போனவன் கீழ வந்துட்டான் மாமா, சாக்ஸ் கேக்கறான் என்று வாசலில் உட்கார்ந்து அழுதான். திருப்பதிக்கா வந்திருக்கிறான் என்று கேட்டேன். எனக்கு மேலே என்றால் திருமலை. அப்புறம்தான் ஒவ்வொன்றாக விளங்கியது, இரண்டு மாதம் என்றவர்கள் உன்னை முன்னதாகவே இறக்கிவிட்டதும் சேர்த்து.

உன் அம்மாவுக்கு இரண்டாம் நாளே குழாயடியில் யாரோ சொல்லிவிட்டார்களாம். எட்டு நாள் எனக்குச் சோறு போட்டாள். உன் லீவைப் பற்றி, பெண் பார்ப்பதைப் பற்றி நான் பேசியதற்கெல்லாம் உம் கொட்டினாள். ஏன் சொல்லவில்லை என்றேன். உனுக்காவது அவன் இருக்கட்டும்னுதான் என்றாள். பிறகு ரத்னம்மாவின் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

களை இன்னும் கால் ஏக்கர் பாக்கி இருந்தது. மறுநாளும் வந்தார்கள், இந்தத் தடவை சத்தமாகப் பேசிக்கொண்டு எடுத்தார்கள். இதோடு அனுப்பும் பார்சலில் சாக்ஸ் ஆறு ஜோடி, குரங்குக் குல்லாய் பதினேழு. ஆளாளுக்கு ஒன்று வாங்கிவந்து கொடுத்தார்கள், யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. உன்னோடு இருப்பவர்களில் குல்லாய் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடு. கிரண்குமாரைத் திட்டாதே, உதவிதான் செய்தான். இனி மேலே போகிறேன் என்று சொல்லி அனுப்பாதே. மலையேறிவிட்டேன் என்றும் வேண்டாம், அது விளக்கு அணைந்தால் சொல்வது. எத்தனை அடி உயரம் என்று நம்பரில் சொல்.

உன் பெயருக்கு ஏற்றபடி இரு, பெருமாள் பார்த்துக்கொள்வார். ஒன்றை மறக்காதே. விலாசத்தில் இனி என் பெயரை மட்டும் எழுதாதே, அம்மா பெயரையும் சேர்த்து எழுது. போன் செய்தால் இரண்டு பேரையும் கூப்பிடச் சொல். எந்தச் சேதியானாலும் ஒருவருக்கு மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
நாகபூஷணம்
கமலம்மா